"உடம்பு எப்படி?" என்று கேட்டால் வாயையும் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த பெரியவர்களிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் இனிப்புநீரையும் பிரஷரையும் சொல்வார்கள். "பலமே இல்லப்பா, சோறு இறங்கல" என்பார்கள். பல்லைப் பற்றிப் பேச்சே வராது. சோறு இறங்காததற்குப் பல நேரம் ஆடுகிற பல்செட்டுதான் காரணம். கறியும் கீரைத்தண்டும் ஒவ்வொன்றாக விட்டுப்போய், கோப்பியில் நனைத்த பிஸ்கட்டும் கஞ்சியுமே சாப்பாடு என்றாகும்போது உடம்பில் சதை வற்றத்தானே செய்யும்?

முதியோர் வாய்நலத்தை அளக்க 1990இல் அமெரிக்காவில் வகுத்த ‘கோஹாய்’ கேள்விகள் 12. எத்தனை பல் இருக்கிறது என்று அதில் கேட்பதில்லை. மெல்ல முடிகிறதா, பிறர் முன்னால் சாப்பிடக் கூச்சமா என்றுதான் கேட்கிறார்கள். வீட்டிலும் அப்படியே கேளுங்கள்.

கீழ்ச்செட்டுதான் அதிகம் ஆடும். பல் போன பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும், கீழே இன்னும் வேகமாக. மேல்செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடி இல்லை, நாக்கும் தள்ளும். கத்தியால் சீவுவதும் சூப்பர் குளூ போடுவதும் வேண்டவே வேண்டாம். பல் கிளினிக்கில் புதிதாக அச்செடுத்து, செட்டின் உட்புறத்தை ஈறுக்குப் பொருந்த நிரப்பித் தருவார்கள்.

இரவில் செட்டைக் கழற்றியே ஆக வேண்டும். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைப் பின்தொடர்ந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரு மடங்குக்கும் மேல். கழுவும்போது பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடியுங்கள், கை நழுவினாலும் உடையாது. மென்மையான பிரஷும் பாத்திர சோப்பும் போதும். பற்பசை போட்டால் கீறல் விழும், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறும். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும். இரவு முழுக்கச் சாதா தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும். செட்டைக் கழற்றிய அண்ணம் செக்கச்செவேலென்று இருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைதான். வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இன்னொரு சோதனை. வாயைத் திறந்து மூன்று விரலை மேலும் கீழுமாக அடுக்கி நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றாலோ, கன்னத்தில் உள்ள புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றாலோ உடனே காட்டுங்கள். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும்.