பாகெல்பெல் வாரம்

01.03.2026, ஞாயிறு

மகள் பத்து நாளாக கீபோர்டில் எட்டே எட்டு ஸ்வரங்களைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஸ ப த க ம ஸ ம ப. மறுபடியும் ஸ ப த க ம ஸ ம ப. பாகெல்பெல்லின் 'கேனன்' இசைக்கு இடது கை இதுதானாம். கல்யாண வீடியோ, ஹோட்டல் லிஃப்ட் என்று எங்கே போனாலும் காதில் விழுகிற அதே இசை. "யாருப்பா இவரு?" என்றாள். ஜெர்மன்காரர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. படிக்க வேண்டும்.

02.03.2026, திங்கள்

யோஹான் பாகெல்பெல், 1653இல் நியூரம்பெர்க்கில் பிறந்தவர். பிழைப்பு, தேவாலயத்தில் ஆர்கன் (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) வாசிப்பது. உலகமே அவரை அடையாளம் காணும் கேனனோ மூன்று வயலின்களுக்கானது. முதல் வயலின் தொடங்கிய மெட்டையே இரண்டு பார் (தாளக் கட்டம்) தள்ளி அடுத்தது பிடிக்கும், இன்னும் இரண்டு பார் தள்ளி மூன்றாவது. அடியில் அந்த எட்டு ஸ்வரங்கள் 28 முறை. செல்லோக்காரரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இது அச்சேறியது 1919இல். ழான் ஃபிரான்சுவா பய்யார் 1968இல் பதிவு செய்த மெதுவான இசைத்தட்டுக்குப் பிறகுதான் உலகமெங்கும் பரவியது. அதாவது, அவர் செத்து 260 வருடம் கழித்து ஹிட்!

அப்படியானால் உயிரோடு இருந்தபோது என்னதான் செய்துகொண்டிருந்தார்?

04.03.2026, புதன்

இன்று கிடைத்தது புதையல். 1678இல் எர்ஃபுர்ட் நகரின் பிரெடிகர் தேவாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள். (அது ஒருகாலத்தில் மைஸ்டர் எக்கார்ட் என்ற ஞானி இருந்த மடத்தின் கோயில்.) சபை பாடும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்த மெட்டை வைத்தே ஒரு முன்னிசை வாசிக்க வேண்டும். அந்த நேரத்தில் கைக்கு வந்ததை வாசித்துச் சமாளிக்கக் கூடாது, முன்கூட்டியே யோசித்துத் தயாராக வர வேண்டும். பாட்டு முடியும்வரை கூடவே வாசிக்கவும் வேண்டும்.

இதெல்லாம் சரி. அடுத்த நிபந்தனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு வருடமும் ஜூன் 24, யோவான் ஸ்நானகன் திருநாளன்று, பிற்பகல் ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் ஆர்கனின் முழு பலத்தையும் காட்டி வாசிக்க வேண்டும். எதற்கு? கடந்த ஒரு வருடத்தில் மனிதர் தேறியிருக்கிறாரா என்று ஊர் பார்ப்பதற்கு!

பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தார். பன்னிரண்டு ஜூன் 24.

05.03.2026, வியாழன்

எங்கள் ஆபீஸில் அப்ரைசல் படிவம் வந்துவிட்டது. 'இந்த ஆண்டு நீங்கள் அடைந்த முன்னேற்றம்' என்ற கட்டத்தில் போன வருடம் எழுதியதையே வார்த்தை மாற்றி எழுதினேன். ஆர்கனில் அந்த வேலை நடக்காது. உட்கார்ந்த இரண்டாம் நிமிடமே ஊருக்குத் தெரிந்துவிடும்.

06.03.2026, வெள்ளி

1681 அக்டோபரில் பார்பரா காப்லரைக் கல்யாணம் செய்தார். 1683இல் எர்ஃபுர்ட்டில் கொள்ளைநோய். மனைவியும் போனாள், கைக்குழந்தையும் போனான். அதே வருடம் அவர் வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'இசையில் மரணச் சிந்தனைகள்'. சாவைப் பற்றிய பாட்டுகளை எடுத்துக்கொண்டு விதவிதமாக மாற்றி மாற்றி வாசிக்கும் தொகுப்பு. அடுத்த ஆண்டு யூடிட் டிராமரை மறுமணம் செய்தார். ஏழு பிள்ளைகள்.

ஒப்பந்தப்படி 1684 ஜூன் 24 அன்றும் அரை மணி நேரம் உண்டு.

07.03.2026, சனி

காலையில் ஹெட்போனோடு உட்கார்ந்து அவருடைய முன்னிசைகளைக் கேட்டேன். முதலில் பிடிபடவில்லை. பாட்டின் மெட்டைத் தெரிந்துகொண்டு மறுபடி கேட்டதும்தான் வழி திறந்தது. ஜெர்மன் லுத்தரன் சபைகளின் 'கோரால்', நம் ஊர் லுத்தரன் சபைகளில் ஞானப்பாட்டு என்பார்களே, அந்த வகை. முதல் வரியைக் கீழ்க்குரல்கள் சின்னச் சின்ன ஸ்வரங்களில் ஒன்றன்பின் ஒன்றாக முனகும். பிறகு அதே வரி மேலே நீண்ட ஸ்வரங்களில், தேர் நகர்வதுபோல வரும். அடுத்த வரிக்கும் அப்படியே. சபையில் இருப்பவர் என்ன பாட்டு வருகிறது என்று யோசிக்கவே வேண்டாம். காது தானாகத் தயாராகிவிடும். புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளாத புத்திசாலித்தனம். எனக்கு கேனனைவிட இதுதான் பிடித்திருக்கிறது, சொன்னால் மகள் சண்டைக்கு வருவாள்.

இன்னொன்று: அந்தக் கால ஆர்கனுக்குப் பின்னால் துருத்தி மிதிக்க ஆள் வேண்டும். அவர் மிதித்தால்தான் சத்தம். தேறினாரா இல்லையா என்று அந்த ஆளை யாரும் கேட்டதில்லை.

08.03.2026, ஞாயிறு

புகழ்பெற்ற இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கின் குடும்பத்தோடு அவருக்கு நெருக்கம். யோஹான் கிறிஸ்டோஃப் பாக் எர்ஃபுர்ட்டில் மூன்று வருடம் அவரிடம் படித்தவர். பெற்றோர் இறந்த பிறகு தம்பி செபாஸ்டியனை வளர்த்தது அந்த அண்ணன்தான். அண்ணன் பூட்டிவைத்திருந்த இசை ஏட்டைத் தம்பி ஆறு மாதம் நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகப் பிரதி எடுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அந்த ஏட்டில் பாகெல்பெல்லின் இசையும் இருந்தது.

09.03.2026, திங்கள்

எர்ஃபுர்ட்டிலிருந்து ஸ்டுட்கார்ட் போனார். 1692இல் பிரெஞ்சுப் படை வந்ததால் அங்கிருந்து கிளம்பி கோதா என்ற ஊருக்கு. 1695இல் சொந்த ஊர் கூப்பிட்டது. நியூரம்பெர்க்கின் செபால்டுஸ் தேவாலயத்தில் பதவி காலி. வழக்கமாக விண்ணப்பம் வாங்குவார்கள், தேர்வு வைப்பார்கள். இவருக்கு எதுவும் கிடையாது, வந்து உட்காருங்கள் என்று நேரடி அழைப்பு. படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு நடை நடந்தேன். கடைசிவரை அங்கேதான். மாலை ஆராதனையில் பாடும் மரியாளின் பாட்டுக்கு முன்னால் வாசிக்க 90க்கும் மேற்பட்ட சிறு ஃபியூக்குகள் (ஒரு மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிக்கும் இசை) எழுதி வைத்தார்.

1706இல் இதே மார்ச் 9ஆம் தேதி, ரோகுஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.

ராத்திரி மகளிடம், கேனனுக்குப் பின்னால் அவர் எழுதிய துள்ளலான 'ஜிக்' என்ற நடன இசை ஒன்று உண்டு, யாரும் வாசிப்பதில்லை என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது.

"இன்னொரு தடவை போடுங்கப்பா."