‘ஃபான்ட் போடுங்க’

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆறு வருடம் இருந்தேன். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி அச்சகங்களுக்குப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சந்தேகம் தீர்ப்பது என் பாடு. சந்தேகம் என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: “தம்பி, தமிழ் சரியா வரல.”

முதல் வருடம் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னேன். அப்புறம் அலுத்துவிட்டது. “பாமினி ஃபான்ட் போடுங்க, சரியாகிடும்” என்று ஒரு தடவை தட்டி வைத்துக்கொண்டு, கேள்வியைப் பாதி படிக்கும்போதே அனுப்பிவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஒரு வைகாசி முகூர்த்த நேரம். மேலூர் அச்சகத்து அண்ணன் ஒருவர் நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் அதே பதில்தான் போனது. மறுநாள் காலையில் போன் செய்தார். “ஃபான்ட் எல்லாம் போட்டுப் பாத்துட்டேன் தம்பி. கேள்விக்குறியாத்தான் வருது.”

கேள்விக்குறியா? தேடிப் பார்த்தால், முதல் செய்தியிலேயே எழுதியிருக்கிறார்.

பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். மெய்யின் புள்ளிக்கு அரைப்புள்ளியின் இடம். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ஃபைலைத் திறந்தால் ஆங்கிலமும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். அதற்கு என் பதில் சரி. வாட்ஸ்அப்பில் வரும் மேட்டரோ யூனிகோடு; அதில் தமிழுக்கென்றே தனி இடம் உண்டு. அவர் வைத்திருந்தது 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்; அதற்கு யூனிகோடு தெரியாது. நேராக ஒட்டினால் கேள்விக்குறிதான் மிஞ்சும். எழுத்தே தொலைந்த பிறகு எந்த ஃபான்ட் போட்டு என்ன? கன்வெர்ட்டரில் பாமினிக்கு மாற்றிக்கொண்டு ஒட்ட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

அது தெரியாமல் ராத்திரி முழுக்கக் கையால் தட்டியிருக்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா பெயர்களுக்கா பஞ்சம்? திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. “ஒங்களுக்கு எத்தனை போனோ” என்று எனக்குச் சமாதானம் சொன்னார்.

தட்டி வைத்த பதிலை அன்றைக்கே அழித்துவிட்டு, “திரையில என்ன தெரியுதுண்ணே? ஒரு போட்டோ அனுப்புங்க” என்று கேட்க ஆரம்பித்தேன். அலுப்பு போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒரே கேள்வி என்று நான் தள்ளியவற்றில் குறைந்தது மூன்று கோளாறு கலந்து கிடந்தது: ஆங்கில எழுத்து, கேள்விக்குறி, கட்டம். தமிழே இல்லாத ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தால் கட்டம் வரும்.

வேலையை விட்ட பிறகும் அந்த அண்ணன் கூப்பிடுவார். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம்தான்.

“தம்பி, இன்னைக்குக் கட்டம்.”