மஞ்சள் கடுதாசியும் வீட்டுக் கடனும்: ஒரு குமாஸ்தாவின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 5, 2024, திங்கள்

மேட்டூர் அணை இவ்வாண்டு ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படாமல் ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. குறுவை போட முடியாதவர்களின் பணமுடை வயலோடு நிற்காமல் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்திலிருந்தே பழக்கமானவரும், நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருப்பவருமான நண்பர், இன்று காலை ஒரு பதிவுத் தபாலோடு கும்பகோணத்துக்கு வந்தார். வீட்டுக் கடன் கொடுத்த நிதி நிறுவனம், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்கக் கடன் கொடுத்தவர்களுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவின்படி அனுப்பிய நோட்டீஸ் அது. அசல், வட்டி, அபராத வட்டி என்று மூன்று வரிகள். கீழே சொத்து விவரம், நான்கெல்லையில் வடக்கே வாய்க்கால், கிழக்கே பொதுப்பாதை. அறுபது நாளுக்குள் முழுத்தொகையையும் கட்டாவிட்டால் வீட்டைச் சுவாதீனம் எடுப்போம் என்று முடிகிறது.

இது தவிர புரோநோட்டுக் கடன் இரண்டு, பித்தளை வாங்கிய பாக்கி வேறு. "ஐயா, பேசாமல் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிடுகிறேன், வீடாவது மிஞ்சும்" என்றார். கடனைக் கட்ட இயலாது என்று கோர்ட்டில் போடும் நொடிப்பு மனுவைத்தான் மஞ்சள் கடுதாசி என்பார்கள். வீடு மிஞ்சாது என்று உடனே சொல்ல மனம் வரவில்லை. சட்டப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசலாம், வியாழக்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

இன்று வெகுநேரம் பேசினோம். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் கம்பெனிகளுக்கு நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிநபர்களுக்கான பகுதியோ, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் அளவில் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் செயல்படுகிறது. பட்டறைக்காரருக்கும் பலசரக்குக் கடைக்காரருக்கும் இன்றும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான் கதி. அதன்படி சப் கோர்ட்டில் ஐ.பி. மனு என்னும் அந்த நொடிப்பு மனுவைப் போட்டு, நொடித்தவர் என்று உத்தரவும் வாங்கிவிட்டால், புரோநோட்டுக்காரர்கள் நீதிமன்ற அனுமதியின்றிப் புது வழக்குப் போட முடியாது. சிவில் கைதிலிருந்து பாதுகாப்பும் கேட்டுப் பெறலாம். வாசலில் வந்து நின்று கத்துகிறவர்களால் உறக்கம் கெட்ட மனிதருக்கு அது சிறிய உதவியன்று.

ஆனால் அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு இரண்டு காரியங்களைச் செய்கிறது. கடனாளியின் சொத்து முழுவதும் நீதிமன்றத்தின் அல்லது அது நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளரான ரிசீவரின் கைக்குப் போகிறது; அடமானம் பிடித்தவரோ, மனுவே போடப்படாதது போலத் தம் அடமானச் சொத்தின்மீது நடவடிக்கை எடுக்கலாம். ஆக, பத்திரத்தை வாங்கி வைத்திருக்கும் நிதி நிறுவனத்தை மஞ்சள் கடுதாசி ஒரு நாள்கூட நிறுத்தாது. வீட்டுக் கடன் போக மிஞ்சும் மதிப்பையும் மற்றக் கடன்காரர்களுக்குத் திறந்துவிட்டதாக ஆகும். விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் வீட்டைச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து காக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவர் அதற்குள் வருவது கடினம். வந்தாலும் அடமானத்துக்கு எதிராக அது நிற்காது.

"காலி மனையை மைத்துனர் பேரில் எழுதிவிட்டு மனுப் போட்டால்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்காத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள், உரிய விலை வாங்காமல் எழுதிக்கொடுத்ததை, நொடித்தவர் என்று உத்தரவான பின் ரிசீவர் கேட்டு நீதிமன்றம் செல்லாதென்று ஆக்கிவிடலாம் என்றேன். மைத்துனரும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைவார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நியூ ஜெர்சியிலிருந்து அக்கா மகன் பேசினான். வேலை போய் வீட்டுத் தவணை நின்று, ஷெரீப் ஏலத்துக்கு நாள் குறித்த பிறகு, அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயத்தில் மனுப் போட்டு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டவன். "மாமா, மனு பதிவான கணமே ஏலம் நின்றுவிட்டது, தனியாகத் தடை கேட்க வேண்டியதில்லை" என்றான். நிலுவைத் தவணைகளை மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் பிரித்துக் கட்டலாம். ஆனால் மாதாமாதம் வரும் தவணையும் தவறக் கூடாது. அதற்கு நிலையான வருமானம் வேண்டும், அவனுக்குப் புது வேலை கிடைத்திருந்தது. குடியிருக்கும் வீட்டின் அடமானக் கடனைப் பொதுவாக நீதிமன்றம் குறைத்துத் தராது, அவகாசம்தான் தரும். ஏலம் முடிந்த பிறகு போனால் அதுவும் இல்லை.

வருமானமே இல்லாதவர் அங்கேயும் வீட்டை வைத்துக்கொள்வது அரிது என்பதை இங்கே பெருமையாகப் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. ஆயினும் அந்தத் தானியங்கித் தடை ஒன்று நம் சட்டத்தில் இருந்தால், காவிரியில் தண்ணீர் தாமதமாக வரும் ஆண்டுகளில் எத்தனை வீடுகள் பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தானாக வராத அவகாசத்தை நாமே தேட வேண்டும். சர்ஃபாசி சட்டத்தின் 13(3ஏ) பிரிவின்படி நிதி நிறுவனத்துக்கு ஆட்சேபணை எழுதினோம். பதினைந்து நாளுக்குள் அவர்கள் காரணம் காட்டிப் பதில் தந்தாக வேண்டும். அபராதத்தை வட்டியாக ஏற்றி அதன்மேல் மீண்டும் வட்டி போடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் சுற்றறிக்கையைச் சுட்டி, கணக்கு விவரம் கேட்டோம். நிலுவைத் தவணைகளை மட்டும் கட்டிக் கணக்கைச் சீராக்க அனுமதியும் கோரினோம். அப்படித் தீர்த்துக்கொள்வது சலுகையே தவிர உரிமையன்று என்பதால் தொனியில் பணிவு வேண்டும் என்று இரண்டு வாக்கியங்களை அடித்து எழுதினேன். ஒப்புதல் அட்டை வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று.

செப்டம்பர் 6, வெள்ளி

பதில் வந்துவிட்டது. அபராதக் கணக்கைத் திருத்தியிருக்கிறார்கள். நோட்டீஸ் காலம் முடிவதற்குள் நிலுவை முழுவதும் வந்தால் கணக்கைச் சீராக்கப் பரிசீலிப்போம் என்கிறார்கள். பரிசீலிப்போம் என்பது வாக்குறுதி ஆகாது. பணத்தோடு போய் எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

காலி மனையை வெளியாளுக்குச் சந்தை விலைக்கே விற்க முன்பணம் வாங்கியிருக்கிறார். பணம் முழுவதும் வங்கி வழியாகவே வர வேண்டும் என்றும், புரோநோட்டுக்காரர்களிடம் தவணை பேசி எழுத்தில் வாங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சம்மதித்துவிட்டார், மற்றவர் தீபாவளி வரை பொறுப்பாராம்.

இவை தவறிச் சுவாதீன நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டால், அதிலிருந்து நாற்பத்தைந்து நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு அதே சர்ஃபாசி சட்டத்தின் 17ஆம் பிரிவில் போக வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பே முழுக்கடனையும் செலவையும் கட்டினால்தான் வீட்டை மீட்கும் உரிமை நிற்கும். இரண்டையும் அவர் காலண்டரில் குறித்துக்கொண்டார். ஐ.பி. மனு வேண்டாம் என்று முடிவாயிற்று. வீடு கைவிட்டுப் போய், புரோநோட்டுக் கடன் மட்டும் மிச்சமாகும் நிலை வந்தால் அப்போது அதைப் பார்க்கலாம்.