எம்.ஜி.பி.யை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த கதை

பல வருடம் ஷெட்டில் நின்ற என் 1969 எம்.ஜி.பி. (கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஸ்டார்ட் ஆக அதிகம் மல்லுக்கட்டவில்லை. புது பேட்டரி போட்டு, பழைய பெட்ரோலை இறக்கி, இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டரையும் சுத்தம் செய்ததும் உறுமியது. ஆனால் வண்டி ரோட்டுக்கு வருமா வராதா என்பதை முடிவு செய்தவை காகிதமும் துருவும் பிரேக்கும்தான்.

முதலில் காகிதம். சேஸ் நம்பர் பதிவேட்டோடு ஒத்துப்போனது, இன்ஜின் நம்பர் ஒத்துப்போகவில்லை. இன்ஜின் பிளாக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தால், எண் '18வி' என்று தொடங்கியது. 1969 வண்டிக்கு '18ஜி' என்று தொடங்க வேண்டும். எழுபதுகளில் வந்த இன்ஜினை யாரோ மாற்றிப் பொருத்தியிருக்கிறார்கள். இரண்டும் அதே 1798 சிசிதான், ஓடுவதில் சிக்கல் இல்லை. பதிவுக்குத்தான் விளக்கம் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் கேய்டனிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிடேஜ் சான்றிதழ் தருகிறது. உற்பத்தித் தேதி, முதல் நிறம், முதலில் இருந்த இன்ஜினின் எண் எல்லாம் அதில் இருக்கும். அதோடு தகட்டின் படங்களையும் இணைத்து, இன்ஜின் மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பித்தேன். பெயின்ட் வேலைக்கு அனுப்புவதற்கு முன்பே எல்லா எண்களையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயின்டுக்கு அடியில் போன எண்ணை மீட்பது பெரும் பாடு.

அப்புறம் வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதா என்ற பரிசோதனை. வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் பரிசோதகர் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. பெயின்டுக்கு அடியில் வெறும் பட்டி! முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ துருவை மூடி மறைத்திருக்கிறார்கள். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸ் கிடையாது, பாடியேதான் அடிச்சட்டமும். மேற்கூரையும் இல்லாததால் வண்டியின் பலமே அந்தச் சில்லில்தான் இருக்கிறது. வெட்டும்போது சரியாக முட்டுக் கொடுக்காவிட்டால் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் கதவுகளைக் கழற்றாமலேயே, அவற்றின் இடைவெளியை அடிக்கடி அளந்துகொண்டு வெல்டிங் செய்தோம்.

பிரேக்கில் பரிசோதகர் காட்டிய கண்டிப்புக்கு இன்றும் நன்றி சொல்வேன். பிரேக்கைச் சோதிக்கும் ரோலர் மேல் ஏற்றி மிதித்தபோது பின் சக்கரங்களில் வலது நன்றாகப் பிடித்தது, இடது பெயருக்குத்தான் பிடித்தது. டிரம்மைக் கழற்றினால் லைனிங் புதுசு போல இருந்தது. பிரேக்கை அழுத்தித் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன்தான் துருவேறி இறுகிக் கிடந்தது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். வண்டி சும்மா நிற்க நிற்க அந்த ஈரமே உள்ளே அரித்துவிடும். சிலிண்டர்களோடு ரப்பர் ஹோஸ்களையும் மாற்றினேன். பழைய ஹோஸ் உள்ளே வீங்கிவிட்டால், மிதியை விட்ட பிறகும் பிரேக் விடாது.

டயரில் பட்டன் நிறைய இருந்தது. ஆனால் பக்கவாட்டிலுள்ள தேதிக் குறியீட்டில் மூன்றே இலக்கம். அப்படியென்றால் 2000-க்கு முந்தைய டயர். யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றினேன். மங்கலாக எரிந்த பின்விளக்குக்கு எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ததே போதுமாக இருந்தது.

மறுபரிசோதனையில் தேறியது, பதிவும் வந்தது. முதல் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு நான்கு சக்கரங்களையும் கையால் தொட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கமும் அதிகமாகச் சூடேறவில்லை, பிரேக் எதுவும் உரசவில்லை. அடுத்த வேலை, முன் சக்கரங்கள் திரும்பும் அச்சுகளான கிங் பின்களுக்குக் கிரீஸ் அடிப்பது.