குப்பை கொளுத்த முதல்

இலங்கையின் வடக்கில் கனகாலம் விட்டுப்போன காணிக்குத் திரும்புகிறவர்கள் முதலில் செய்வது, பற்றையை வெட்டிக் குவித்து நெருப்பு வைப்பது. முகமாலை, கிளாலி, புதுக்குடியிருப்புப் பக்கங்களில் இதைவிடப் பொல்லாத வேலை இல்லை. போர்க்காலத்தில் வெடிக்காமல் சாண் ஆழத்தில் புதைந்த செல் (எறிகணை) சூடேறினால் யாரும் தொடாமலே வெடிக்கும். சுவாலை அடங்கினாலும் தணல் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். அணைந்துவிட்டதென்று கிளறப் போகும் நேரம்தான் மோசம். சருகைத் தென்னையடியில் உக்க விடுங்கள். கொளுத்தியே ஆகவேண்டுமென்றால், பாதி வெட்டிய பரலை (இரும்புப் பீப்பாயை) கல்லின்மேல் உயர்த்தி வைத்து அதற்குள் கொளுத்துங்கள். புதுக் காணியில் நிலத்தில் குழி தோண்டி அடுப்பு மூட்டுவதும் இதே கதைதான்.

மிதிவெடி மிதிபடக் காத்திருப்பது. ஏவியும் வெடிக்காத செல் வேறு சாதி. பறக்கும்போதே அதன் பாதுகாப்புப் பூட்டு கழன்றிருக்கும். சேற்றிலோ மணலிலோ சரிவாக விழுந்ததால் ஊசி சரியாகக் குத்தவில்லை, அவ்வளவுதான். அசைத்தால் மிச்ச வேலை நடக்கலாம். கறள் பிடித்தால் செத்துவிட்டது என்பது பிழையான கணக்கு: கறள் தின்பது வெளி இரும்பை, உள்ளே இருக்கும் மருந்தையல்ல.

பாகிஸ்தான் தயாரிப்பான பி4 மிதிவெடி கைக்கடக்கமான, வட்டமான பிளாஸ்டிக் டப்பா போன்றது. உலோகம் மிகக் குறைவு என்பதால் கருவிக்கு இலேசில் பிடிபடாது. அதனால்தான் அகற்றுகிறவர்கள் வாரியால் மண்ணைப் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுக்கிறார்கள். புலிகள் மரப்பெட்டியில் செய்த ஜொனி என்ற மிதிவெடியின் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டால், எச்சரிக்கைப் படத்தில் பார்த்த உருவம் எதுவும் மிஞ்சாது.

'துப்புரவாக்கப்பட்ட காணி' என்றாலும் குறிப்பிட்ட ஆழம் வரைதான். கையளிக்கும்போது அந்த ஆழத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மலசலகூடக் குழிக்கும் அத்திவாரத்துக்கும் ஜேசிபி இறங்குவது அதற்கும் கீழே. கடைசிச் சண்டையில் கிணறுகளுக்குள்ளும் ஆயுதம் போட்டார்கள். இறைக்கும்போது அடி தெரியும் முன் ஆளை இறக்க வேண்டாம்.

ஏதாவது கண்ணில் பட்டால் நில்லுங்கள். கல்லெறிய வேண்டாம், பக்கத்தில் தடி ஊன்ற வேண்டாம். வந்த காலடியிலேயே பின்வாங்குங்கள். அடி தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள், ஆனால் பக்கத்தில் வர விடாதீர்கள். படம் வேண்டுமென்றால் நின்ற இடத்திலிருந்தே சூம் பண்ணி எடுங்கள். வெளியே வந்த பிறகு, ஆட்கள் போகும் பாதையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு பொலிஸ் அவசர இலக்கமான 119க்கும் கிராம அலுவலருக்கும் சொல்லுங்கள். அதற்கிடையில் பழைய இரும்புக்காரன் வந்து விலை பேசினால் இடத்தைக் காட்டவே வேண்டாம்.