பஜ்ஜி மடித்த தாள்

மஞ்சக்குப்பம் டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜி மடித்துத் தந்த தாளின் மூலையில், எண்ணெய் ஊறிய சிவப்பு முத்திரை.

‘மந்தணம்’. ரகசியம் என்பதற்கு அலுவலகத் தமிழ்.

ஏதோ ஓர் அலுவலகத்தின் பழைய கடிதம். ஓர் ஊழியரின் பெயரும் அவர் மேல் வந்த புகாரும் அப்படியே தெரிந்தன. மனசு கேட்கவில்லை. கிழித்து அடுப்பில் போடச் சொன்னேன்.

“ரகசியம்னா எரிச்சிடணுமாண்ணே?” என்றான் பக்கத்தில் நின்ற தம்பி.

எனக்கு 2019 ஞாபகம் வந்தது. ரஃபேல் போர் விமானம் வாங்கும் பேரத்தின் ரகசிய அரசு ஆவணங்கள் நாளிதழில் வந்தன. தேர்தல் நேரம். மார்ச்சில், அவை திருடப்பட்டவை என்று உச்ச நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு சொன்னது. நாடே கொதித்தது. இரண்டே நாளில், திருட்டு இல்லை, நகல் என்று விளக்கம். வெள்ளைக்காரன் 1923-இல் போட்ட அலுவல் ரகசியச் சட்டத்தைப் பத்திரிகைக்கு எதிராக நீட்டினார்கள். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான்.

ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமித்து, அந்த ஆவணங்களைப் பார்ப்போம் என்றார்கள். நவம்பரில், அந்தப் பேரத்தை விசாரிக்கக் கேட்ட மறுஆய்வு மனுக்கள் தள்ளுபடியாயின, சரி. ஆனால் தாள்களைப் படிக்கவே கூடாது என்ற வாதம் நிற்கவில்லை.

“இல்லப்பா,” என்றேன். “இதுல இருந்தது ஒருத்தரோட மானம். அது நம்ம எல்லார் பணம்.”