சோரியாசிஸ் சிகிச்சையும் மரபணுவும்: என் அனுபவம்

தோலில் செதில் திட்டுகளை உண்டாக்கும் சோரியாசிஸ் நோய்க்காக, பலதுறை மருந்தகத்தில் கொடுத்த பரிந்துரைக் கடிதத்துடன் தோல் மருத்துவ நிபுணரைப் பார்த்தேன். முழங்கையிலிருந்த திட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் என் விரல் நகங்களை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்து, ஊசிமுனை பட்டதுபோல் இருந்த சிறு குழிகளைச் சுட்டிக்காட்டினார். காலையில் மூட்டுகள் இறுகுகின்றனவா, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு என்றும், எனக்குப் பதின்ம வயதில் தொண்டைப்புண் ஆறிய சில வாரங்களில் உடலெங்கும் சிறு புள்ளிகளாகத் தொடங்கியது என்றும் சொன்னேன். தொண்டைப்புண்ணை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாத் தொற்றுக்குப் பின் இளம் வயதில் இப்படித் தோன்றுவது, ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்எல்ஏ-சி*06:02 என்னும் மரபணு வகையுடன் நெருங்கிய தொடர்புடையது என்று அவர் விளக்கினார். ஆனால் அந்த வகையைக் கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லையாம். வரன் பேச வந்த இடத்தில் எங்களைப் பரம்பரைத் தோல்நோய்க் குடும்பம் என்று ஒதுக்கியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

புற ஊதாக்கதிர் சிகிச்சையும் நோயெதிர்ப்பு வினையைத் தணிக்க வாரம் ஒருமுறை எடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையும் ஓரளவே பலன் தந்தன. அடுத்து, நோயெதிர்ப்பின் குறிப்பிட்ட ஒரு பகுதியைத் தடுக்கும் உயிரியல் ஊசி மருந்து பற்றிப் பேச்சு எழுந்தபோது, என் மனத்தில் நெடுநாளாக இருந்த கேள்வியைக் கேட்டேன். வலிப்பு நோயுள்ள என் தம்பிக்குக் கார்பமசெபின் கொடுக்குமுன் எச்எல்ஏ-பி*15:02 என்னும் மரபணு வகை உள்ளதா என்று பரிசோதனை செய்தார்கள். புதிதாக அம்மருந்தைத் தொடங்கும் ஆசிய வம்சாவளியினருக்கு அது 2013 முதல் சிங்கப்பூரில் வழக்கமாகிவிட்டது. என் ஊசியையும் அப்படி மரபணுவைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாகாதா? தம்பியின் பரிசோதனை, மருந்தால் தோல் உரிந்து உயிருக்கே உலைவைக்கக்கூடிய ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எதிர்வினையைத் தவிர்ப்பதற்கானது என்றார் மருத்துவர். சோரியாசிஸிலோ, எச்எல்ஏ-சி*06:02 உள்ளவர்களுக்கு உஸ்டெகினுமாப் என்னும் உயிரியல் ஊசி பொதுவாக விரைவாகவும் கூடுதலாகவும் பலன் தருகிறது என ஆய்வுகள் காட்டினாலும், அது இல்லாதவர்களிலும் கணிசமானோர் அதே மருந்தால் நன்கு தேறுகிறார்கள். அதனால் வழக்கமான சிகிச்சையில் அதைப் பரிசோதிப்பதில்லை. உடல் எடை, மூட்டுவலி, பிற நோய்கள், செலவு ஆகியவையே தேர்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று அவர் பொறுமையாக எடுத்துரைத்தார்.

ஊசிக்கு முன் காசநோய், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அறிகுறியின்றி மறைந்திருந்த காசநோய்த் தொற்று தெரியவந்ததால், அதற்கான மாத்திரைகளை முதலில் தொடங்க நேர்ந்தது. சொறிந்து சொறிந்து உறக்கம் கெட்ட அந்தக் காத்திருப்புக் காலமே எல்லாவற்றிலும் கடினமானது. பின்னர் உஸ்டெகினுமாப் தொடங்கியது: முதல் ஊசி, நான்கு வாரம் கழித்து இரண்டாவது, அதன்பின் பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. முழங்கைத் திட்டுகள் படிப்படியாக மெலிந்து மறைந்தன. நகக்குழிகள் மட்டும் மெதுவாகவே மாறுகின்றன.

மகளுக்கு இப்போதே மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்றும் கேட்டேன். தேவையில்லை, தொண்டைப்புண்ணுக்குப் பின் தோலில் புள்ளிகள் தெரிந்தால் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள் என்றார்.